பியூஸ் எல்லாம் கழற்றிய பிறகும் எரிந்த பல்ப்

தம்பி,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் பற்றரி.

வருகிற சனிக்கிழமை பழைய வாகனம் உடைக்கிறவன் வந்து எங்கள் பஸ்ஸை இழுத்துக்கொண்டு போகப்போகிறான் என்று நேற்று போனில் சொன்னாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சம்மதித்துவிட்டா என்று நினைத்திருப்பாய். சம்மதமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. நீ பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு விஷயம் என் மண்டைக்குள் போய்க் குந்திக்கொண்டுவிட்டது. அதை யோசித்ததில் எனக்கு வாய் வரவில்லை. இன்று காலை குசினிக்குள் அரிசி கழுவிக்கொண்டு நின்றபோது விடை வந்தது. அரிசியை அப்படியே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். திரும்பப் போன் எடுத்திருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்பாய், உன் கண் டீவியில் இருக்கும். கடிதம் என்றால் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிட்டப் போகலாம். இன்றைக்கே டண்டினொங் தபாற்கந்தோரில் போட்டால் வெள்ளிக்கு முன்னர் சிட்னியில் உன் குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்துவிடும்.

நீ பஸ்ஸைக் கொடுப்பதில் எனக்குக் கோபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் நியாயம் உன் பக்கம்தான். வதனி பிள்ளைத்தாய்ச்சி. ஈஸ்டர் லீவுக்குக் கட்டூம்பா மலைக்குப் போய், லீவு முடியும்வரை பஸ்ஸை ஓரிடத்தில் நிறுத்திவைத்துவிட்டு, திரும்ப வெளிக்கிட்ட காலை அது ஸ்ரார்ட் எடுக்காமல், அந்தக் குளிருக்குள் அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள் என்றாய். மருமகளை அப்படி இருத்துகிற வாகனம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வேண்டாம். கராஜ்காரன் பார்த்துவிட்டு, சுவருக்குள் ஓடுகிற வயர் எல்லாம் உக்கிவிட்டது, முழுவதையும் உரித்தெடுத்துப் புதிதாய்ப் போடவேண்டும், அதற்கு ஆகிற செலவுக்குப் பஸ் பெறுமதி இல்லை என்று சொல்லியிருக்கிறான். "இற்ஸ் ஃபினிஷ்ட், அம்மா" என்றாய். அந்த மனிதனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான். எங்கள் வீட்டுப் பழக்கவழக்கம் அவனுக்கு எப்படித் தெரியும்? பஸ் உன்னுடையது, அப்பா உனக்கென்றுதான் விட்டுப்போனார். கொடுக்கிறதென்றால் கொடு. ஆனால் அதற்கு இல்லாத நோய் வருத்தம் ஒன்றைச் சொல்லிக் கொடுக்காதே. அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்பா வாங்கும்போதே அது பழசு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றித் தேய்ந்த பஸ். யாரோ ஒரு ஒல்லாந்துத் தச்சன் சீற்றுகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டில், குசினி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பூட்டி அதை ஓடுகிற வீடாக மாற்றியிருந்தான். இந்த நாட்டுக்கு நாங்கள் வந்த புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில், டண்டினொங் பக்கம் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் காரை நிறுத்தி இறங்கிக் கதைத்த காலம் அது. கதைக்க ஆளில்லாத ஊரில் வீட்டுக்குள்ளும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு. நான் பள்ளிக்கூடத்தால் வந்து கொப்பி திருத்துவேன், அப்பா தொழிற்சாலைக் கணக்குகளோடு மல்லுக்கட்டுவார், நீ கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்பாய். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்து கதைத்தது, சண்டை பிடித்தது, சிரித்தது எல்லாம் அந்தப் பஸ்ஸுக்குள்தான். அதனால் எனக்கு அது வேணும். ஒளித்துப் பிரயோசனமில்லை, சொல்லிவிட்டேன்.

அப்பா வாகன மின்சாரம் படித்தவர் இல்லை. பிழை விட்டு விட்டுத்தான் பழகினார், அந்தப் பிழைகளுக்கெல்லாம் ரோச் லைற் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். சிட்னிக்குப் போகிற வழியில் கண்டகாய் என்ற ஊருக்குக் கிட்ட நடந்தது உனக்கு நினைவிருக்கும். முன் லைற் மங்கிக்கொண்டே வந்தது. "பற்றரி கிழடு தட்டிட்டுது" என்று புதுப் பற்றரி வாங்கினார். சரிவரவில்லை. "பெல்ற் இளகிட்டுது" என்று பெல்ற்றை மாற்றினார். பிறகு டைனமோவைக் கழற்றித் திருத்தக் கொடுத்தார். ஊரில் இருந்த கடைக்காரன் அவரைக் கண்டாலே கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து நிற்குமளவுக்கு ஆகிவிட்டது. கடைசியில் நீதான் பஸ்ஸுக்குக் கீழே படுத்துக்கொண்டு, பற்றரியிலிருந்து வருகிற தடித்த எர்த் வயர் பஸ்ஸின் இரும்பில் பூட்டியிருக்கிற இடத்தைக் காட்டினாய். அங்கே முழுவதும் கறள். சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்துத் திரும்பப் பூட்டினதும் லைற் பளிச்சென்று எரிந்தது. "போற வழியைத்தான் பார்த்தனான், திரும்பி வாற வழியைப் பார்க்கேல்லை" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நல்ல பற்றரியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினது அவருக்கு அடுத்த தைப்பொங்கல்வரை நெஞ்சுக்குள் குத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் ஏசின ஏச்சும் அப்படி. இப்போது நினைத்தால் அவ்வளவு ஏசியிருக்கத் தேவையில்லை, ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர ஒரு நாளும் கோபித்தவர் இல்லை. நீயும் அதில் அவரைப்போல இருந்தால் வதனி கொடுத்துவைத்தவள்.

அதே பயணத்தில்தான் சிட்னிக்கு வந்து, ஓடுகிற வீடுகள் நிற்கிற கரவன் பார்க்கில் நின்றோம். வீட்டுக் கரண்டைப் பெரிய வயரால் பஸ்ஸுக்கு இழுத்துக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கேத்தில், சீலைக்கு இஸ்திரிக்கை, குளிருக்கு ஹீற்றர், எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டியிருந்தது. போட்டேன். எங்கள் பஸ் மட்டுமில்லை, அந்த வரிசை முழுவதும் கரண்ட் போய்விட்டது. பக்கத்துக் கரவனிலிருந்து தலை முழுக்க ரோலர் சுற்றின மனிசி ஒருத்தி சண்டைக்கு வெளிக்கிட்டு வந்தா. அந்த நேரம் பார்த்து உன் அப்பா, பஸ்ஸுக்குள் தான் செய்து பூட்டின பிள்ளையார் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டியிருந்த சைக்கிள் மணியை "கிணிங் கிணிங்" என்று அடித்தார். பின்னேரப் பூசை முடிந்தது என்று பிள்ளையாருக்கு நடை சாத்துகிற நேரம் அது. உலகமே இருண்டாலும் அவருடைய மணி தப்பாது. வந்த மனிசி அது சாப்பாட்டு மணி என்று நினைத்துவிட்டா. "ஓ, ஐ ஆம் சொறி, நீங்கள் சாப்பிடப்போறீங்கள்" என்று முகம் சிவந்து திரும்பப் போக, எனக்கு வெட்கமாகிவிட்டது, கூப்பிட்டு இருத்திப் பூசைக்குச் சுட்ட வடையைக் கொடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் மணி அடித்ததும் ஆள் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து நின்றா. நீ கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாய்.

அந்த வீட்டுக் கரண்ட் பக்கம் மட்டும் நீ கை வைக்காதே, அதற்கு லைசென்ஸ் உள்ளவனைக் கூப்பிடு. நான் சொல்வது பற்றரிப் பக்கம் மட்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அதை வதனிக்கும் வாசித்துக் காட்டு. ஒருநாள் பற்றரியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடாப் பவுடரும் சுடுதண்ணியும் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் குனிந்து ரோச் அடித்தேன். என் தாலிக்கொடி சட்டைக்கு வெளியே வந்து தொங்கினது எனக்குத் தெரியாது. ஒரு முனையில் அவர் வைத்திருந்த ஸ்பானரிலும் மற்ற முனையிலும் அது ஒன்றாய்ப் பட்டது. டப்பென்று ஒரு பொறி. நான் பின்னால் விழுந்தேன். கழுத்தில் ஒரு சின்னக் காயம், கொடியில் ஒரு கண்ணி கறுத்துப்போனது, அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் முகம் வெளிறிப்போய்விட்டது. "இஞ்சேரும், ஒண்டுமில்லையே, ஒண்டுமில்லையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் ஒன்றுமில்லை என்று சொன்னபிறகும் கேட்டார். அன்றையிலிருந்து பற்றரிப் பெட்டியைத் திறக்குமுன் கொடியைச் சட்டைக்குள் போட்டுச் சட்டைப்பின் ஒன்றால் குத்தியிருக்கிறேனா என்று பார்க்காமல் அவர் ஸ்பானரைத் தொட்டதில்லை. இப்போது நான் எந்தப் பற்றரிக்கு மேலேயும் பயமில்லாமல் குனியலாம். கழுத்தில் ஒன்றும் இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கண் மறைக்கிறது, அதனால் எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். வாகனம் சும்மா நிற்கும்போது பற்றரி இறங்கினால் எங்கோ ஒன்று களவாகக் கரண்டைக் குடிக்கிறது என்று அர்த்தம். அதைப் பிடிக்க அப்பா ஒரு வழி வைத்திருந்தார், நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு, பற்றரியின் எர்த் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஒரு சின்ன பல்ப்பைத் தொடுப்பது. ஒன்றும் குடிக்கவில்லையென்றால் பல்ப் எரியாது. எரிந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருவது. எந்தப் பியூஸைக் கழற்றும்போது பல்ப் அணைகிறதோ, கள்ளன் அந்த வயரில் இருக்கிறான். நீ என்ன சொன்னாய்? "எல்லா பியூஸும் கழட்டிப்போட்டன் அம்மா, அப்பவும் எரியுது. பெரிசா இல்லை, சிவப்பா, சும்மா மங்கலா." கராஜ்காரனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சுவருக்குள் வயர் உக்கி இரும்போடு முட்டுகிறது என்றான். நீயும் தலையாட்டிவிட்டு உடைக்கிறவனுக்குப் போன் எடுத்துவிட்டாய்.

அந்த "மங்கலா" என்ற சொல்தான் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. அட, ஒரு பள்ளிக்கூடம் நிறைந்த பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தவளின் மகன் நீ! வயர் இரும்போடு நேராக முட்டினால் உன் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும், கண்ணைக் கூசவேண்டும். மங்கலாக எரிகிறது என்றால் பற்றரியின் பலத்தை அது வேறொன்றோடு பங்குபோட்டுக்கொள்கிறது. நீ தொடுத்தது அப்பாவின் சோதனை பல்ப். அது பின் லைற்றுக்குப் போடுகிற சின்னவகை, மலிவாய்க் கிடைத்தது என்று ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார். அதே மாதிரி இன்னொன்றை அதோடு தொடராகப் போட்டால் இரண்டும் அப்படித்தான் சிவப்பாய் எரியும். வயர் உக்கவில்லை, ராசா. அந்தப் பஸ்ஸுக்குள் எங்கேயோ இன்னொரு பல்ப் எரிந்துகொண்டிருக்கிறது. கட்டிலடி லைற், குசினி லைற், படி லைற் எல்லாம் பியூஸ் வழியாகத்தான் போகிறது, அதெல்லாம் நீ கழற்றியாயிற்று. பியூஸ் வழியாகப் போகாத லைற் எது? அரிசி கழுவிக்கொண்டு நின்ற எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளையார்.

அப்பா அந்தப் பெட்டியைச் செய்த நாட்களை யோசித்துப் பார். ட்ரைவர் சீற்றுக்குப் பின்னால், சப்பாத்துப் பெட்டி அளவில், சின்னக் கதவோடு. உள்ளே பிள்ளையார் படம், விபூதிச் சிமிழ், மேலே அந்த மலிவு பல்ப்புகளில் ஒன்று. ஊர் பஸ்களில் சாமிப் படத்துக்கு லைற் எரிகிற மாதிரி இதிலும் எரிய வேண்டும் என்று நின்றார். நான் அந்த வயரையும் பியூஸ் வழியாகக் கொண்டுபோகச் சொன்னேன். "பியூஸ் போனால் பிள்ளையாரும் இருட்டுக்குள்ளை இருக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு நேராகப் பற்றரியிலிருந்து வயர் இழுத்தார். கணக்காளர் பிள்ளையார் விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்கமாட்டார். ஆனால் பற்றரி வீணாகக்கூடாது என்ற நினைவும் அவருக்கு இருந்தது. யாரோ தெருவில் எறிந்த ஃபிரிஜ்ஜின் கதவு சுவிச்சைக் கழற்றிக்கொண்டு வந்து பெட்டிக்குள் பூட்டினார். கதவைத் திறந்தால் லைற் எரியும், சாத்தினால் சுவிச் அமர்ந்து லைற் அணையும். கோயிலில் நடை சாத்துகிற மாதிரி, மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் பிள்ளையார் நித்திரைக்குப் போய்விடுவார், பற்றரியும் தப்பிவிடும்.

கதவு சுவிச்சில் சரியாக எட்டவில்லை என்று அவர் செய்த வேலையை நீ மறந்திருக்கமாட்டாய். அவருடைய கந்தோரில் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசென்று, யாரோ ஒரு வைன் போத்தல் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் யார் குடிக்கிறது? வைனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தக்கையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அதில் ஒரு துண்டை வெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார், சாத்தும்போது அந்தத் தக்கை போய்ச் சுவிச்சை அமர்த்தும். "சாமிக் கதவில போய்ச் சாராயப் போத்தலின்ர தக்கையோ?" என்று நான் துள்ளினேன். "அது மரப்பட்டை, இஞ்சேரும். மரம் என்ன குடிச்சதே?" என்றார். நீ கதவை மெல்லிசாய்த் திறந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பாய், சாத்தினபிறகு உண்மையாகவே லைற் அணைகிறதா என்று. திறந்தால் எரியும், சாத்தினால் தெரியாது. நீங்கள் இருவரும் அதைப்பற்றி ஒரு பின்னேரம் முழுவதும் வாதாடினீர்கள். பசை காய்ந்து தக்கை இளகும்போதெல்லாம் அப்பா திரும்ப ஒட்டுவார். உனக்கும் எனக்கும் அது தெரியவே வராது, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்து சாத்துகிறவர் அவர்தான்.

அவருக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்திவைத்துக்கொண்டு மாறி மாறி உள்ளே போய்வந்த அந்த நாட்களில், நீ பிள்ளையாருக்கு முன்னால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாய். அதற்கு முன்னர் உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை. நேர்ஸ் வந்து சொன்னதும் உன்னைக் கூப்பிட வந்தேன். நான் வாயைத் திறக்க முன்னரே உனக்கு விளங்கிவிட்டது. எழும்பிக் கதவைச் சாத்தினாய். மணி அடிக்கவில்லை. "இனி இந்தக் கதவைத் திறக்கமாட்டன், அம்மா" என்றாய். கும்பிடு என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். அது உனக்கும் பிள்ளையாருக்கும் உள்ள வழக்கு, நடுவில் நான் வரவில்லை. அப்படியே பஸ்ஸைச் சிட்னிக்கு ஓட்டிப்போனாய், வீட்டுப் பின்வளவில் வெயிலில் நிறுத்தினாய். பற்றரி இறங்கத் தொடங்கியது எப்போது என்று யோசித்துப் பார். இந்த நாட்டுத் தை மாதத்துக் கொதி வெயிலுக்குப் பிறகு என்று நீதான் சொன்னாய். அந்த வெயிலில் பசை காய்ந்து தக்கை விழுந்திருக்கும். சாத்தின கதவுக்குள்ளே லைற் எரியத் தொடங்கியிருக்கும். நீ அந்தக் கதவுக்குக் கிட்டவும் போகமாட்டாய், கராஜ்காரனுக்கு அது ஏதோ சின்ன அலுமாரி. நீ கும்பிடாவிட்டாலும் அவர் கரண்ட் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இதை நினைத்ததும் குசினிக்குள் நின்று முதலில் அழுதேன், பிறகு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

இப்போது செய்யவேண்டியதைக் கேள். பழைய பற்றரிதான், ஆனால் அவசரப்பட்டுப் புதிது வாங்காதே, கண்டகாயை நினைத்துக்கொள். கழற்றின பியூஸ்களை அப்படியே வெளியே வை. பற்றரியை நன்றாகச் சார்ஜ் போட்டுப் பூட்டு. பிறகு வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி போட்டு, வதனிக்கும் கொடுத்து, இரண்டு பேருமாக ஆறுதலாக இருந்து குடியுங்கோ. டீவியைப் போடாமல் அவளோடு கதை. இந்த மாதத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பயம் வரும், சொல்லமாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும். உன்னைச் சுமந்தபோது எனக்கு இடி மின்னல் என்றால் நடுக்கம். அப்பாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, பக்கத்தில் வந்து இருந்துகொண்டு பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். விலைவாசி, மரண அறிவித்தல் எல்லாம் வாசிப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. நன்றாக நேரம் போனபிறகு பஸ்ஸுக்குள் வந்து, பிள்ளையார் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்.

குளிராக இருந்தால் நான் சொன்னது பிழை. பௌதிக ரீச்சருக்கும் பிழை வரும். உடைக்கிறவன் வந்து கொண்டுபோகட்டும், நான் இனி வாயே திறக்கமாட்டேன். ஆனால் பிள்ளையார் படத்தை மட்டும் எடுத்துவை, அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகவிடாதே.

சூடாக இருந்தால், ராசா, திற. கும்பிடச் சொல்லவில்லை. கோபம் இருந்தால் கோபத்தோடேயே திற, அவர் எத்தனையோ பேரின் கோபத்தைப் பார்த்தவர். கீழே தக்கை விழுந்து கிடக்கும், எடுத்து ஒட்டு. அந்த வயருக்கு ஒரு பியூஸும் போடு, பியூஸில்லாத வயர் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் நெருப்பு வைக்கும், அதில் நான் அன்றும் இன்றும் சொல்வது சரி. எல்லாம் முடிந்ததும் கதவைச் சாத்து. அன்றைக்கு நீ மணி அடிக்காமல் சாத்தினாய், அப்பாவின் வழக்கப்படி பார்த்தால் பிள்ளையாருக்கு இன்னும் நடை சாத்தவில்லை. அவர் இவ்வளவு காலமும் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருக்கா மணியை அடித்துவிட்டுச் சாத்து. பிறகு எனக்குப் போன் எடு. விளக்கமெல்லாம் வேண்டாம், "சூடாயிருந்தது அம்மா" என்று மட்டும் சொல்லு. நான் பஸ்ஸில் வந்து பேரப்பிள்ளையைப் பார்க்கிறதா, ரயிலில் வருகிறதா என்பது அதற்குப் பிறகு நீ எடுக்கிற முடிவு.

இனித்தான் நலம் விசாரிக்கிறேன். வடிவாய்ச் சாப்பிடுகிறாயா? வதனியைக் கால் நீட்டி இருக்கச் சொல்லு.

உன் அம்மா

பின்குறிப்பு: இதோடு ஒரு சட்டைப்பின் வைத்திருக்கிறேன், காகிதத்தில் குத்தியிருக்கிறது, கவரைக் கிழிக்கும்போது கவனம். கைம்பெண் கொடுத்த சட்டைப்பின் என்று யாராவது சனம் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், என் மருமகள் சுளிக்கமாட்டாள். நீ பற்றரிப் பெட்டியைத் திறக்கும்போது ரோச் பிடிக்க அவள்தான் வந்து நிற்பாள், எனக்குத் தெரியும். அவள் கொடியைச் சட்டைக்குள் போட்டு இந்தச் சட்டைப்பின்னைக் குத்தியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் நீ ஸ்பானரைத் தொடவேண்டும்.